செந்தரைக்கு வந்த முதல் கோப்பை

பல் துலக்குவதற்கு முன்பே நூறு கிலோ ஈயத்தை உடம்பில் பூட்டிக்கொள்வது அலரிக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். கணுக்காலில் தொடங்கித் தொடை, இடுப்பு, மார்பு, தோள் என்று மேலேறி, கடைசிக் கொக்கியை முன்கையில் மாட்டியதும் ஒரு பெருமூச்சு விடுவாள். செவ்வாயில் நூறு கிலோ என்பது நம் ஊர் முப்பத்தெட்டு கிலோவாகத்தான் கனக்கும். ஆனாலும் அதைச் சுமந்தால்தான் செவ்வாயில் பிறந்த பெண்ணுக்குப் பூமியில் நிற்கிற பாரம் பழகும். அந்தச் சட்டையோடுதான் தோசை சுடுவாள், காற்றுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவாள், சாயங்காலம் வலைக்கு முன்னால் இருநூறு முறை குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர்கள் முதல் இரண்டு வருடம் புகார் எழுதிப் பார்த்தார்கள். அப்புறம் அலுத்துப்போய், அவளோடு ஈயம் சுமந்த மொத்த அணிக்கும் 'ஈயக் கூட்டம்' என்று பெயர் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், பூமிக்காரிகளோடு கைப்பந்து ஆடுவதற்கு.

அலரியின் நாட்டுக்குப் பெயர் செந்தரை. மக்கள்தொகை நாற்பதாயிரம், நம் பக்கத்தில் ஒரு பேரூராட்சிக்குத் தேறும். தொண்ணூறு வருடங்களுக்கு முன்பு தமிழ் பேசும் நானூற்றிருபது பேர் கப்பலேறிச் செவ்வாய்க்குப் போனார்கள். ஏறும்போதே ஒரு முடிவோடுதான் ஏறினார்கள். யார் யாருக்குப் பிறந்தவர் என்கிற பேச்சே புது ஊரில் எழக் கூடாது. அதற்காக அவர்கள் செய்த காரியம் லேசுப்பட்டதல்ல. கொண்டுபோன உறைகருக்களின் மேலிருந்த சீட்டுகளை எல்லாம் கிழித்து எறிந்துவிட்டு, ஒரே குளிர்பெட்டியில் மொத்தமாகக் கலந்துவிட்டார்கள். செவ்வாயின் எடைக்குறைவில் வயிற்றில் பிள்ளை தங்காது. ஆகவே பன்னிரண்டு கருத்தொட்டிகள் கட்டினார்கள். இட்லிக் கொப்பரை மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு ஈட்டுக்கு முப்பது பிள்ளைகள். எந்தக் கரு எந்தத் தொட்டிக்கு என்பது குலுக்கல். பிறந்த பிள்ளை எந்த வீட்டுக்கு என்பதும் குலுக்கல். பெயர்கூடச் செடி, கொடி, பூச்சிகளின் பெயர்களை ஒரு பானையில் போட்டு எடுப்பதுதான். அதனால் அங்கே யாருக்கும் இனிஷியல் கிடையாது.

இப்படி ஒரு நாடு பெருமைப்படாமல் இருக்குமா? செந்தரைக்காரர்களுக்கு அதில் சொல்லி மாளாத பெருமை. பூமியிலிருந்து யாராவது வந்தால் பனிச்சுரங்கத்தைக் காட்டுகிறார்களோ இல்லையோ, குலுக்கல் பானையைக் காட்டாமல் அனுப்ப மாட்டார்கள். அலரிக்கு அந்தப் பெருமை மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம்.

உலக மகளிர் கைப்பந்துக் கோப்பைக்குச் செந்தரையை முதன்முறையாக அழைத்தபோது விண்ணப்பத்திலேயே சிக்கல் வந்தது. ஒவ்வொரு வீராங்கனைக்கும் தந்தை பெயர், தாய் பெயர் எழுத வேண்டும். பயிற்சியாளர் நொச்சி காலியாக விட்டு அனுப்பினாள், திரும்பி வந்தது. 'பொருந்தாது' என்று எழுதி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. பன்னிரண்டு பேருக்கும் தந்தை பெயர் குலுக்கல், தாய் பெயர் குலுக்கல் என்று எழுதித் தள்ளினாள். போட்டியை நடத்தும் சம்மேளனத்தின் இயந்திரம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. விளைவு, முதல் ஆட்டத்தன்று அறிவிப்பாளர் இவர்களை ஒரே வீட்டில் பிறந்த பன்னிரண்டு சகோதரிகள் ஆடும் உலகின் முதல் அணி என்று அறிமுகப்படுத்தி, திரு. குலுக்கல் அவர்களுக்குப் பாராட்டும் தெரிவித்தார்.

அலரி திருத்தம் சொல்லக் கிளம்பினாள். நொச்சி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு. அவர் சொன்னதுல என்ன தப்பு? நாமெல்லாம் அக்கா தங்கச்சிதானே?"

போட்டி நடந்த இடம் பூமியைச் சுற்றிவரும் ஒரு மாபெரும் வளையம். அது சுழல்வதால்தான் அதற்குள் எடை உண்டாகிறது. வெளிவிளிம்பை ஒட்டிய அடித்தளத்தில் பூமியின் எடை. உள்ளே ஏற ஏறக் குறைந்து, நடுத்தளத்தில் செவ்வாயின் எடை. யாருக்கும் குறை வேண்டாமென்று ஒரு செட்டைப் பூமித் தளத்திலும் அடுத்த செட்டைச் செவ்வாய்த் தளத்திலும் மாற்றி மாற்றி ஆட வைத்தார்கள். செட் முடிந்ததும் இரண்டு அணிகளும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி இடம் மாறும். செவ்வாய்த் தளத்தில் ஆளாளுக்கு ஓர் ஆள் உயரம் எம்புவார்கள் என்பதால் வலையை ஒரு மீட்டர் ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.

சுழற்சியால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேலே தூக்கிவிட்ட பந்து நேராக இறங்காது. வளையம் சுழலும் பக்கமாக ஒரு முழம் ஒதுங்கி இறங்கும். அதற்கு 'ஒதுக்கம்' என்று பெயர். ஸ்மாஷ் அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டருக்கு ஒதுக்கத்தின் கணக்குப் பிடிபடாவிட்டால் அணி அதோகதிதான். செந்தரையின் செட்டர் அலரி, தலைவியும் அவளே. இரண்டே நாளில் கணக்கைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் செந்தரை ஜப்பானைத் தாண்டியது, துருக்கியைத் தாண்டியது, இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. எதிரில் இந்தியா.

அன்று காலை உணவுக்கூடத்தில் இந்தியத் தலைவி ரெ. மீனலோசனி தட்டோடு வந்து அலரிக்கு எதிரில் உட்கார்ந்தாள். திண்டுக்கல்லுக்காரி, முப்பத்துமூன்று வயது, நல்ல உயரம். நான்கு வருடங்களுக்கு முன்பு கோப்பையை வென்ற அணிக்கும் அவள்தான் தலைவி. இரண்டு வாரமாகத் தமிழ் பேசியே இருவரும் நெருங்கிவிட்டிருந்தார்கள்.

"ஆட்டத்தன்னிக்கு எதிரணியோட உக்காந்து பொங்கல் சாப்பிடலாமாக்கா? உங்க கோச் திட்டுவாரே."

"திட்டட்டும்" என்றாள் மீனலோசனி. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க ஊர்ல நெசமாவே யாரும் கேக்க மாட்டாங்களா?"

"எதை?"

"நீ யார் வீட்டுப் புள்ளைன்னு."

அலரி சிரித்துவிட்டாள். "கேட்டாலும் சொல்றதுக்கு எனக்கே தெரியாதேக்கா."

மீனலோசனி சிரிக்கவில்லை. பொங்கலில் இருந்த மிளகை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கினாள். "நாலு வருசத்துக்கு முன்னாடி நான் கோப்பையைக் கையில தூக்குனேன் பாரு. அந்த அஞ்சு நிமிசத்துல எங்க நாட்டுல அத்தனை பேரும் என்னைப் பத்தி என்ன தேடுனாங்க தெரியுமா? எவ்வளவு உயரம் எம்புறேன்னு இல்ல. எத்தனை பாயின்ட் எடுத்தேன்னு இல்ல. முதல்ல தேடுனது என் சாதியை."

செந்தரைப் பள்ளிப் புத்தகங்களில் அந்தச் சொல் கிடையாது. அலரி விழிப்பதை உணர்ந்து, அவள் காதுக்குள் பொருத்தியிருந்த செவித்துணை தாழ்ந்த குரலில் விளக்கம் சொன்னது: "பிறப்பை வைத்து மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கும் பழைய வழக்கம். பூமியில் இன்னும் கைவிடப்படவில்லை."

"தெரிஞ்சதும் என்ன பண்ணினாங்க?" என்று கேட்டாள் அலரி.

"பாதிப்பேர் பட்டாசு வெடிச்சாங்க. பாதிப்பேர் டிவியை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. கோப்பை என்னமோ ஒண்ணுதான்."

அலரிக்கு இவ்வளவு பெரிய ஆட்டக்காரிக்கா இப்படி என்று இருந்தது. தன் தட்டிலிருந்த வடையை எடுத்து மீனலோசனியின் தட்டில் வைத்தாள்.

"என் பொண்ணு நிறைமதிக்கு மூணு வயசு" என்றாள் மீனலோசனி. "இப்பவே பந்தைத் தட்ட ஆரம்பிச்சுட்டா. இந்தக் கோப்பையோட நான் ஆட்டத்தை விடுறேன். அவளைக் கூட்டிக்கிட்டு உங்க ஊருக்கே வந்துரலாம்னு பாக்குறேன். வீட்டுக்காரரும் சரின்னுட்டார். அவளாவது யார்னு கேக்காத ஊர்ல ஆடட்டும்."

செந்தரையில் குடியேற அந்த நாட்டவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும். அலரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"நான் போடறேன். இப்பவே போடறேன், ஃபாரத்தைக் குடுங்க."

"பொறு. வாயால சொல்றதை நம்பி நாடு மாற முடியுமா? தோத்தவளைப் பத்தி எந்த ஊர்லயும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஜெயிச்சாத்தான் ஊர் லட்சணம் தெரியும். நீ இன்னிக்கு ஜெயிச்சேன்னு வையி, உங்க சனம் உன்னைப் பத்தி முதல்ல என்ன கேக்குதுன்னு எனக்குக் காட்டு. அதைப் பாத்துட்டு மூட்டையைக் கட்டுறேன்."

"அப்ப இன்னிக்கு எனக்காகக் கொஞ்சம் விட்டுக் குடுத்து ஆடுவீங்களா?"

"அடி போடி. முதல்ல ஜெயிச்சுக் காட்டு."

அலரி அதுவரை கோப்பையை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் நாடே பரீட்சைக்கு உட்காரப்போவதுபோல் இருந்தது. பயமெல்லாம் இல்லை. பதில் தெரிந்த பரீட்சைதானே. ஜெயிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. செந்தரையில் அன்று காற்றுத் தொழிற்சாலையில் நாலு பேரை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் அத்தனை பேரும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வளையத்திலிருந்து படம் அங்கே போய்ச் சேர அப்போது பதினொரு நிமிடம் ஆனது. இங்கே விழுந்த புள்ளிக்கு அங்கே பதினொரு நிமிடம் கழித்துக் கை தட்டினார்கள்.

முதல் செட் பூமித் தளத்தில். இந்தியா சுலபமாக எடுத்தது. இரண்டாவது செவ்வாய்த் தளத்தில். செந்தரைப் பெண்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் ஆடுகிற மாதிரி ஆடி எடுத்தார்கள். மூன்றாவது செட்டில் மீனலோசனியின் ஸ்மாஷ் ஒன்றை எடுக்கப் பாய்ந்த அலரி இடது கையை ஊன்றி விழுந்தாள். சத்தம் அவளுக்கே கேட்டது. அந்த செட்டையும் இந்தியா எடுத்தது. நான்காவதைச் செந்தரை எடுத்ததும், ஐந்தாவது செட் எந்தத் தளத்தில் என்பதற்கு நாணயம் சுண்டினார்கள். விழுந்தது பூமித் தளம்.

இடைவேளையில் மருத்துவர் அலரியின் மணிக்கட்டைப் படம் பிடித்துப் பார்த்தார். எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல். பூமி எடையில் இன்னொரு செட் ஆடினால் முறிந்துவிடும், முறிந்தால் இனிமேல் ஆட்டமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உக்காரு" என்றாள் நொச்சி. "உனக்குப் பதிலா நுணா செட்டரா ஆடட்டும்."

"நுணாவுக்கு ஒதுக்கம் இன்னும் சரியா வரலைக்கா."

"வரலைன்னா வெள்ளிப் பதக்கம். வெள்ளிக்கு என்ன குறைச்சல்? எனக்கு உன் கை முக்கியம்."

"எனக்கு ஊர் முக்கியம்" என்றாள் அலரி. "பன்னிரண்டு வருஷம் ஈயத்தைச் சுமந்தது உக்கார்றதுக்கா? கையில கட்டுப் போடுக்கா."

நொச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போட்டாள். போட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி செட் பதினைந்து புள்ளி. ஒவ்வொரு முறை பந்தைத் தூக்கும்போதும் அலரிக்கு உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். ஸ்மாஷ் அடிப்பவள் தும்பி, பத்தொன்பது வயதுப் பெண். அன்று ஏனோ மூன்று பந்துகளை வலையிலேயே அடித்துவிட்டாள். அழுகிற முகத்தோடு நின்றவளின் முதுகில் அலரி ஒரு தட்டுத் தட்டினாள். "வலை எங்கேயும் போகாது. நீ மேல பார்த்து அடி."

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பிறகு செந்தரைக்கு ஒரு புள்ளி. இன்னும் ஒன்று வந்தால் கோப்பை.

மீனலோசனி எம்பி அடித்த பந்து இடி மாதிரி வந்தது. பின்னால் நின்ற பெண் எப்படியோ கையைக் கொடுத்து எடுத்துவிட்டாள். பந்து உயரே போய் அலரியின் தலைக்கு மேல் வந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கினாள். இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது. வலது கை ஒன்றாலேயே, முதுகுப் பக்கமாக, எதையும் திரும்பிப் பார்க்காமல் தூக்கிவிட்டாள். வலையருகே நின்ற இந்தியப் பெண்கள் மூவரும் பந்து இறங்கும் இடம் இதுதான் என்று தடுக்க எம்பினார்கள். பந்து ஒரு முழம் ஒதுங்கி இறங்கியது. அந்த ஒரு முழத்தில் தும்பி காத்திருந்தாள். அவள் அடித்த அடி எதிர்ப்பக்கத் தரையில் விழுந்த ஓசை அரங்கம் முழுக்கக் கேட்டது.

அலரி அப்படியே மண்டியிட்டாள். பதினொரு பெண்களும் வந்து அவள்மேல் விழுந்தார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது, அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வலைக்குக் கீழே குனிந்து வந்த மீனலோசனி, தோற்ற துக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள்.

செந்தரையின் சிவப்புக் கொடி முதல்முறையாக ஓர் உலக மேடையில் ஏறியது. சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அடி எடுத்து வைப்பதற்கே மூச்சுக்காற்றை அளந்து வாங்குகிற ஒரு சின்ன ஊர், நூற்று நாற்பது நாடுகளைத் தாண்டி வந்து நிற்கிறது. அலரி அழுதாள். பெற்ற அப்பா அம்மா யாரென்று தெரியாது, பாட்டன் சொத்து என்று எதுவும் இல்லை. ஒரு பானையில் கைவிட்டு எடுத்த பெயர். அதைத்தான் இப்போது உலகமே உச்சரிக்கிறது. இதைவிடப் பெருமை ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மருத்துவ அறையில் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது மீனலோசனி வந்தாள். கழுத்தில் வெள்ளிப் பதக்கம். கையில் குடியேற்றப் படிவம். தன் பங்கை முழுதாக நிரப்பியிருந்தாள். பிள்ளையின் படம்கூட ஒட்டியிருந்தது.

"இப்பத்தான் நிறைமதிகிட்டப் பேசினேன். சிவப்பு ஊருக்கு எப்ப போறோம்னு கேக்குறா" என்றாள். "காட்டு."

செந்தரையில் ஒவ்வொருவர் காதிலும் செவித்துணை உண்டு. மக்கள் அதனிடம் கேட்கிற கேள்விகளை எல்லாம் எண்ணி, அதிகம் கேட்கப்பட்டதை வரிசைப்படுத்தி, அரசாங்கமே அவ்வப்போது வெளியிடும். ஒளிவு மறைவு இல்லாத நாடு. அலரி உற்சாகமாகச் சொன்னாள்: "என்னைப் பத்தி வந்த கேள்விப் பட்டியலைச் சுவர்ல போடு."

சுவரில் எழுத்துகள் ஓடின.

'அலரி எந்தத் தொட்டி?' முப்பத்தெட்டாயிரத்து நூற்றுப் பதினொரு முறை.

'தும்பி எந்தத் தொட்டி?' முப்பத்தாறாயிரம் முறை.

'கோச் நொச்சி எந்தத் தொட்டி?'

நான்காவதாக, 'கைப்பந்தில் ஓர் அணிக்கு எத்தனை பேர்?'

அலரிக்கு முதலில் புரியவே இல்லை. தொட்டி எண் என்ற ஒன்றை அவள் வாழ்நாளில் நினைத்துப் பார்த்ததில்லை. எந்தப் பிள்ளை எந்தத் தொட்டியில் வளர்ந்தது என்பது பராமரிப்புப் பதிவேட்டில் இருந்தது உண்மைதான். வடிகட்டி எப்போது மாற்றினோம், சலவை எப்போது செய்தோம் என்று குறித்து வைப்பதற்காக எழுதியது. அதைப் பூட்டிக்கூட வைக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே பூட்டு? வருடத்துக்கு ஏழு பேர் எட்டிப்பார்க்கிற அந்தப் பதிவேட்டை அன்று ஒரே நேரத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர் திறந்தார்கள். தொட்டிகளைக் காவல் காக்கிற ஆட்கள் ஏதோ வெடித்துவிட்டது என்று பயந்து, அபாயச் சங்கை ஊதிவிட்டார்கள்.

"அக்கா, இது நீங்க சொன்ன அது இல்ல" என்றாள் அலரி அவசரமாக. "தொட்டி நம்பர் சும்மா. வடிகட்டி மாத்தறதுக்காக வெச்சது."

"எங்க ஊர்லயும் ஆரம்பத்துல ஏதோ வேலைக்காக வெச்சதுன்னுதான் சொல்லுவாங்க."

"எல்லாத் தொட்டிக்கும் ஒரே பெட்டியிலேர்ந்து குலுக்கிப் போட்டதுக்கா. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது."

"எங்களுக்குள்ளயும் கிடையாது அலரி. வித்தியாசம் இருந்தாத்தான் கேக்கணும்னு இருக்கா என்ன?"

மீனலோசனியின் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அலரிக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. மீனலோசனி படிவத்தில் ஒட்டியிருந்த மகளின் படத்தை நகத்தால் மெதுவாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டாள்.

"இவ வயித்துல பொறந்தவ. அங்க வந்தா இவளுக்கு நம்பரே இருக்காது. இங்கயாவது ஏதோ ஒண்ணு இருக்கு" என்றாள். போகிறபோது அலரியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "நல்லா ஆடினடி. கையைப் பாத்துக்க."

கதவு மூடியதும் அலரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முகமெல்லாம் எரிந்தது. கையை முறித்துக்கொண்டு இவர்களுக்காகவா ஆடினோம் என்று குமுறினாள்.

"எழுது" என்றாள் செவித்துணையிடம். "செந்தரை மக்களுக்கு. உங்களை நினைத்து வெட்கப்படுகிறேன். நம்மை நம்பி வரவிருந்த ஒரு தாயைப் பூமிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். நான் எந்தத் தொட்டியும் இல்லை. நான் செந்தரைக்காரி. அவ்வளவுதான், அனுப்பு."

"அனுப்ப இயலவில்லை" என்றது செவித்துணை. "பொது அறிக்கையில் தகவல் பிழை இருக்கக் கூடாது என்பது விதி. 'எந்தத் தொட்டியும் இல்லை' என்பது பிழை. திருத்தவா?"

"என்னன்னு திருத்துவே?"

"ஒன்பதாம் தொட்டி."

அலரி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒம்பதா?"

"ஆம்."

"அதுல வேற யாரு?"

"ஒன்பதாம் தொட்டியில் இதுவரை மூவாயிரத்து முந்நூற்று நாற்பது பேர். நிலத்தடிப் பனி ஏரியைக் கண்டுபிடித்தவர் அதில் ஒருவர். நாட்டுத் தலைவர்களில் இருவர். கொடியை வரைந்த ஓவியர். பயிற்சியாளர் நொச்சி. காற்றுக் குழாயில் துளை போட்டுத் திருடியதற்காகத் தண்டனை பெற்ற பதினொரு பேர், போலி மருந்து விற்ற..."

"போதும், போதும். முதல்ல சொன்ன நாலஞ்சு பேர் போதும்."

பனி ஏரி. இரண்டு தலைவர்கள். கொடி. நொச்சி அக்காவும். அலரி தலையணையைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடம்பில் இதமாக ஒரு சூடு பரவியது. அது பெருமைதான், கொடி ஏறியபோது வந்த அதே பெருமை. சொல்லப்போனால் இது இன்னும் கொஞ்சம் ருசியாகவே இருந்தது. அதை நாற்பதாயிரம் பேரோடு பங்கு போட வேண்டியிருந்தது. இது மூவாயிரம் பேருக்குள் முடிந்துவிடுகிறது அல்லவா.

"ஓர் அழைப்பு வந்திருக்கிறது" என்றது செவித்துணை. "ஒன்பதாம் தொட்டியார் பேரவை உங்களைக் கௌரவத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஊர் திரும்பியதும் வரவேற்பு விழா. பேரவை தொடங்கி நாற்பது நிமிடங்கள் ஆகின்றன."

"மத்தத் தொட்டிக்கெல்லாம் பேரவை இருக்கா?"

"பதினொன்றுக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்பதுதான் முதலில் தொடங்கியது."

"அதான் பார்த்தேன்" என்றாள் அலரி.

"அறிக்கையை என்ன செய்வது?"

"அழிச்சிடு. பாவம், ஆசையாக் கூப்பிடறாங்க. வரேன்னு சொல்லு." யோசித்துவிட்டு, தலைவிக்கே உரிய கண்டிப்போடு சேர்த்துக்கொண்டாள்: "ஆனா ஒண்ணு. நம்ம நாட்டுல பேதம் பார்க்கிற வழக்கம் கிடையாதுன்னு விழாக்காரங்ககிட்டத் தெளிவாச் சொல்லிடு. மத்தத் தொட்டிக்காரங்களும் தாராளமா வரட்டும். பின்னால நாலு வரிசை போட்டுக் குடுக்கச் சொல்லு."